அறுபது ஏறும்

நாற்பத்தொன்று. எழுதிவிட்டேன். மணி பத்து நாற்பத்தாறு, வெப்பம் நாற்பத்தொன்று, இடைவெளி இரண்டு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். முப்பத்திரண்டில் ஆரம்பித்தது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி, தவறாமல் ஏறுகிறது, குழாயும் தவறாமல் நீள்கிறது. பத்து மீட்டர் இரும்புக் குழாய், பத்து டிகிரி சூடேறினால் ஒரு மில்லியும் இன்னும் கொஞ்சமும் நீளும். கண்ணுக்குத் தெரியாது, ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்கில் விட்டுப் பார்க்கிற என் விரலுக்குத் தெரியும். குழாயின் இந்த முனையில், நான் குந்தியிருக்கிற இடத்தில், தரையில் கான்கிரீட் போட்டு இறுக்கிய ஒரு ஸ்டாப்பர். அதற்கும் குழாயில் வெல்டிங் வைத்த இரும்புக் காதுக்கும் நடுவே நான்கு மில்லி விட்டிருக்கிறார்கள், குழாய் நீள்வதற்கான இடம் அவ்வளவுதான். அந்த முனையில் ஹீட்டர், ஹீட்டரை ஒட்டி வார்ப்பிரும்பு வால்வு, வால்வுக்கு அடியில் சாரப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் ஃபிட்டர் மயில்சாமி. சூடு ஏற ஏற வால்வின் நட்டுகளைச் சுற்றி வந்து இறுக்க வேண்டும், அது அவன் வேலை. படித்து எழுதுவது என் வேலை. இந்தச் சாயப்பட்டறையில் பதினேழு வருடமாக அதுதான் என் வேலை, எட்டாவது படித்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், எண் தெரிந்தால் போதும், எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று தெரிந்தால் போதும். நடுவில், தூணோரம், மேசை போட்டு லேப்டாப்போடு கோகிலவாணி மேடம், அவர் தலைக்கு மேலே தூணில் வெப்பத்தைக் காட்டுகிற எண் பலகை. கோயமுத்தூர் டிசைன் ஆபீசிலிருந்து வந்திருக்கிறார், இந்தக் குழாயைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து நான்கு மில்லி போதும் என்று சொன்னவர். அந்தக் கணக்கின் தாளை உறையில் போட்டுத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். நீலத்தில் ஆரம்பித்துச் சிவப்பில் முடிகிற குழாய்ப் படம், படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு பட்டியல். அதைத்தான் நான் இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஃபைனல் டெம்பரேச்சர், அறுபது. படிக்காமல் இருந்திருக்கலாம். ஃபைனல் என்றால் கடைசி, கடைசி வெப்பம் அறுபது, அறுபதில் நின்றுவிடும் என்று கணக்கு போட்டிருக்கிறார்கள். அறுபதில் எப்படி நிற்கும்?

அறுபதில் நிற்காது. இந்த ஹீட்டரை எனக்குத் தெரியும். பழைய ஷெட்டில் இருந்தபோது மூன்று நாள் இதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதினெட்டு வரிசை எடுத்தவன் நான். உள்ளே வருகிற தண்ணீர் முப்பத்தொன்று, வெளியே போவது தொண்ணூற்றொன்று. உள்ளே இருபத்தொன்பது, வெளியே எண்பத்தொன்பது. காலையில் குளிர்ந்த தண்ணீர் வந்தால் வெளியேயும் அதற்கேற்றாற்போல் குறையும், நடுவிலுள்ள வித்தியாசம் மட்டும் அறுபதை விட்டு அசையவே இல்லை. ஸ்டீமை முழுசாகத் திறந்தால் வருகிற தண்ணீரை அறுபது டிகிரி ஏற்றும், அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. மேடம் கேட்டனுப்பியபோது அந்தப் பதினெட்டு வரிசையையும் நான் அனுப்பவில்லை. தாள் நிறைய எண்ணாக இருந்தால் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று நானே கழித்துப் பார்த்து, வந்த விடையை மட்டும் சுத்தமான தாளில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘ஹீட்டர்: 60 டிகிரி ஏறும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அழகாக இருந்தது. எதிலிருந்து ஏறும் என்று எழுதவில்லை. இன்று உள்ளே வருகிற தண்ணீர் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டும் அறுபதும் தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டுக்குக் குழாய் ஏழு மில்லிக்கு மேல் நீளும். இருப்பது நான்கு. அறுபத்தைந்து டிகிரியில் இடைவெளி தீர்ந்துவிடும், காது ஸ்டாப்பரில் போய் முட்டும், அதற்குப் பிறகு குழாய் நீள இந்தப் பக்கம் இடமில்லை, அந்தப் பக்கம் தள்ளும், அந்தப் பக்கம் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கிற ஜாதி இல்லை, உடைவதற்கு ஒரு நொடி முன்னால் வரை முழுசாக இருக்கும்.

“ஸ்டாப் ஐயா, எத்தனைங்க?” மயில்சாமி அங்கிருந்து கேட்கிறான். நாற்பத்து மூன்று என்று விரலைக் காட்டினேன், நாலு விரல், அப்புறம் மூன்று. “வாயத் தொறந்து சொன்னா ஸ்டீம் வெளிய போயிருமாங்க?” என்கிறான், மேடம் சிரிப்பது தெரிகிறது, எனக்குக் காது சூடாகிறது. அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். ஆறு வருடம் முன்பு புது பம்ப் ஓடவிட்டுப் பார்த்த அன்று பிரஷர் முள் சரசரவென்று கீழே இறங்கியதைப் பார்த்து, ஸ்டாப் ஸ்டாப் என்று கத்தினேன், வாழ்நாளில் அப்படிக் கத்தியதே கிடையாது, கையிலிருந்த நோட்டைக் கூட எறிந்துவிட்டேன். நிறுத்தினார்கள். ஷிப்ட் முழுக்க நின்றது. கழற்றிப் பார்த்தால் பம்பில் ஒன்றும் இல்லை, முள்தான் அச்சிலிருந்து நழுவியிருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். மறுநாள் காலை டீக்கடையில் மயில்சாமி, “வாங்க ஸ்டாப் ஐயா” என்றான், கடையே சிரித்தது, நானும் சிரித்தேன், இன்றைக்கும் கேண்டீன்காரர் வரை அப்படித்தான். கெட்டவன் இல்லை. தினமும் பத்தரைக்குத் தன் பிளாஸ்க் டீயில் பாதியை மூடியில் ஊற்றி, கேட்காமலே என் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கும் வைத்தான், ஆறிப்போய் ஆடை படிந்து இங்கேதான் இருக்கிறது. நாற்பத்து நான்கு. இப்போது எழுந்து போய், மேடம் உங்கள் கணக்கு தப்பு என்று சொல்வதா? எட்டாவது படித்தவன், எம்.இ. படித்தவரிடம். அதுவும் எனக்கு நிச்சயமா? பழைய ஷெட்டில் ஸ்டீம் பிரஷர் வேறு, இங்கே வேறாக இருக்கலாம். அறுபதில் நிற்கிற மாதிரி ஸ்டீமைக் குறைத்து வைத்திருக்கலாம், என்னிடம் ஏன் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முள் நழுவியதாகவும் இருக்கலாம்.

கம்ப்யூட்டரை நான் சந்தேகப்படவில்லை, அதுதான் என் பிரச்சினை. மூன்று வாரம் முன்பு மேடம் இங்கே வந்தபோது எனக்கே காட்டினார். “ஐயா, நீங்க எடுத்த ரீடிங்தானுங்க, வந்து பாருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், நான் நின்றுகொண்டே பார்த்தேன். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம், அதில் எண், அதற்குப் பக்கத்தில் அலகுக்கு என்று ஒரு குட்டிக் கட்டம். குழாயின் நீளத்துக்கு மீட்டர் போட்டார். பிறகு வேண்டுமென்றே அதை அழித்துவிட்டுக் கிலோ என்று போட்டார், கட்டம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. “பாத்தீங்களா, நீளத்துல கொண்டுபோய் எடையப் போட்டா ஒத்துக்காது. அலகு தப்புன்னா இது உள்ளயே விடாதுங்க ஐயா.” எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று. பட்டறையில் எல்லோரும் வெறும் எண்ணாகச் சொல்வார்கள், நாலு போடு, ஏழு வை என்று, நாலு என்ன, ஏழு என்ன என்று கேட்டால் முறைப்பார்கள், அழுத்தத்துக்கும் கிலோ, எடைக்கும் கிலோ, கேட்டுக் கேட்டு எழுதியே எனக்குப் பாதி தலை நரைத்தது. இது கேட்கிறதே, இது நம்ம ஆள் என்று தோன்றியது. அப்புறம் வெப்பத்தின் கட்டம் வந்தது. அறுபது என்று அடித்தார். குட்டிக் கட்டத்தை அமுக்கினார், ஒரு பட்டியல் கீழே விழுந்தது, அதில் நாலைந்து விதமான டிகிரி. கடைசி இரண்டும் ஒரே மாதிரி இருந்தன, ஒன்றுக்கு முன்னால் மட்டும் சின்னதாக ஒரு முக்கோணம். அது எதற்கு என்று கேட்க நினைத்தேன், வாய் வரைக்கும் வந்தது. ஒருவேளை எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கும், இது கூடத் தெரியாதா என்று நினைப்பார் என்று விழுங்கிவிட்டேன். மேடம் முக்கோணம் இல்லாததைத் தொட்டார். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. சிவக்கவில்லை. ஏன் சிவக்கும்? டிகிரி கேட்டது, டிகிரி கொடுத்தார்கள். ஏறுகிற அறுபதுக்கும் டிகிரிதான், நிற்கிற அறுபதுக்கும் டிகிரிதான். ஒரே டிகிரியை இரண்டு தடவை எதற்குப் பட்டியலில் வைப்பார்கள், இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒழிய? முக்கோணம் போட்டது ஏற்றத்துக்கு. வெறும் டிகிரி நிற்கிற இடத்துக்கு. நாற்பத்தேழு. இடைவெளி இரண்டு புள்ளி இரண்டு. பத்து ஐம்பத்தெட்டு. மூன்று வாரம் கழித்து ஒரு முக்கோணம் புரிகிறது, குந்திய கால் மரத்துப்போயிருக்கிறது.

ஆனால் தாளில் ‘ஏறும்’ என்று எழுதியிருக்கிறேனே. படித்திருந்தால் புரிந்திருக்குமே. காய்ச்சல் இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் உடம்பு இரண்டு டிகிரியில் இருக்கிறது என்றா யாராவது நினைப்பார்கள், இரண்டு டிகிரியில் இருந்தால் அது ஆளா, ஐஸ். எழுதியது சரி. போனில் சொன்னதுதான் நினைவில் இல்லை. மேடம் போன் செய்தபோது நான் துணி காய வைக்கிற ஸ்டெண்டர் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன், சத்தம். “ஹீட்டர் எத்தனைங்க ஐயா?” என்று கேட்டார். நான் சொன்னேன், ‘அறுபது ஏறும்ங்க’ என்று சொன்னேன். இல்லை, ‘அறுபதுக்கு ஏறும்ங்க’ என்று சொன்னேனா? ஒரு ‘க்கு’. அறுபது ஏறும், அறுபதுக்கு ஏறும். நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், இரண்டும் பழகின மாதிரியே இருக்கின்றன. போனில் கத்துகிறபோது வார்த்தையைச் சும்மா நீட்டுவது உண்டு, அறுபதுங்க, அறுபதுக்குங்க. ‘க்கு’ இல்லாமல் சொல்லியிருந்தால் தப்பு மேடத்தின் மேல். ‘க்கு’ போட்டுச் சொல்லியிருந்தால் தப்பு என் மேல். போட்டிருக்க மாட்டேன். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. ஆனால் அன்று சத்தம். “இப்ப எத்தனைங்க ஐயா?” இது மேடம், அண்ணாந்து பார்க்காமலே. “அம்பதுங்க,” என்றேன். “இடைவெளி?” “ஒண்ணு புள்ளி எட்டுங்க.” மேடம் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். “என் கணக்குலயும் அம்பதுக்கு ஒண்ணு புள்ளி எட்டுதானுங்க. அப்படியே வருது பாருங்க.” வரும், அப்படியேதான் வரும். ஐம்பதில் சரியாக இருக்கும், ஐம்பத்தைந்தில் சரியாக இருக்கும், ஒவ்வொரு வரியும் சரி என்று டிக் போட்டுக்கொண்டே போகலாம், தப்பு வழியில் எங்கேயும் இல்லை, முடிகிற இடத்தில் மட்டும் இருக்கிறது. சரியான எண்ணை நானே வாய் திறந்து சொல்லி, சரி என்று அவர் நம்புவதற்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பத்து மூன்று. மயில்சாமி ஸ்பேனரை மாட்டி உடம்பு முழுவதையும் சாய்த்து இழுக்கிறான், தலை வால்வுக்கு நேர் கீழே. மேடம் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று அவனிடம் கேட்கிறார், அவன் பெருந்துறை ரோட்டில் ஒரு மெஸ் சொல்கிறான், பிரியாணி நல்லா இருக்குங்க, ஆனா ஐயாவக் கூட்டிட்டுப் போனா சோத்த எண்ணித்தான் சாப்பிடுவாருங்க என்கிறான். சிரிக்கிறார்கள். நான் நோட்டைப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து, ஒன்று புள்ளி இரண்டு. தகடு உள்ளே போகிறபோது வழுவழுவென்று போகிறது, எண்ணெய் போட்ட மாதிரி. அறுபதில் நின்றுவிட்டால் நல்லது. நிற்கட்டும். நான் தப்பாக இருக்கட்டும். பழைய ஷெட்டில் எடுத்த பதினெட்டு வரிசையும் தப்பாக இருக்கட்டும், அது தப்பாக இருந்தால் பதினேழு வருடத்தில் எது சரி, ஆனாலும் இருக்கட்டும். அறுபதில் நின்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, நான் மனதில் என்ன நினைத்தேன் என்று யார் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டினால் மேடமே கவனிப்பார், அவர் தலைக்கு மேலேயே எண் ஓடுகிறது, நான் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ஐம்பத்தெட்டு. பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கை வேர்த்துத் தகடு வழுக்குகிறது, வேட்டியில் துடைத்தேன். ‘க்கு’ போட்டேனா இல்லையா. போட்டேனா. திடீரென்று, யாரோ பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி, ஒன்று தோன்றுகிறது: அது எதற்கு உனக்கு இப்போது? நீ என்ன சொன்னாய் என்பது யார் தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் உதவும். குழாய்க்கு அது தெரியாது. ‘க்கு’ போட்டாலும் போடாவிட்டாலும் தண்ணீர் தொண்ணூற்றிரண்டுக்குத்தான் போகப்போகிறது. பத்து டிகிரிக்கும் மேலாக நான் குழாயைப் பற்றி யோசிக்கவே இல்லை, என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறுபது. பதினொன்று இருபத்து நான்கு. பூஜ்யம் புள்ளி ஆறு. மேடம் இரண்டு கையையும் கோத்து முகவாய்க்கு அடியில் வைத்துப் பார்க்கிறார். நில். அறுபது, அறுபது, அறுபது. அறுபத்தொன்று. மேடம் புருவத்தைச் சுருக்குகிறார். “அறுவதுல நிக்கணுமே. சென்சார் ரெண்டு டிகிரி முன்ன பின்ன காட்டும்னு நெனைக்கறேன்.” தனக்குத்தான் சொல்லிக்கொள்கிறார். எனக்கும் கேட்கிறது. இது சென்சார் இல்லை. சென்சார் பொய் சொன்னால் இடைவெளியும் கூடச் சேர்ந்து பொய் சொல்லுமா, இரும்பு பொய் சொல்லுமா? சொல், இப்போது சொல். ‘மேடம்’ என்று ஆரம்பி. ‘மேடம், ஒரு சின்ன சந்தேகமுங்க.’ சின்ன சந்தேகம் என்று சொன்னால் மெதுவாகக் கேட்பார், கேட்டு முடிக்க இரண்டு டிகிரி ஆகும். அறுபத்திரண்டு. பூஜ்யம் புள்ளி நான்கு, தகடு இறுக்கமாகப் போகிறது, இழுத்தால் முனகுகிறது. மயில்சாமி எதற்கோ சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்திருக்கிறேன், இவ்வளவு நேரமும், வேறு எதற்கும் இல்லை. மேடத்தின் படிப்புக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு இல்லை. ஸ்டாப் ஐயா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு என்று இவன் சொல்லுவான், டீக்கடை சிரிக்கும், இன்னும் ஆறு வருடம். அவன் சிரிக்கக் கூடாதே என்று அவனையே அங்கே உட்கார வைத்திருக்கிறேன். அறுபத்து மூன்று. எழுந்தேன். மரத்த கால், ஸ்டூல் சாய்ந்தது. ஸ்டீமைத் திறந்து மூடுகிற சக்கரம் தூணுக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு எட்டு, எண்ணிக்கொண்டுதான் நடந்தேன், வேறெப்படி நடப்பது எனக்குத் தெரியாது. மேடத்தின் மேசையைத் தாண்டிப் போனேன், அவர் என்னவோ கேட்டார். சக்கரத்தைப் பிடித்து வலப்புறம் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, சூடு உள்ளங்கையில் ஏறியது, ஒன்பது, பத்து, பதினொன்று, இறுகியது.

“மயில்சாமி, எறங்கு.” என் குரல் எனக்கே தெரியவில்லை. அவன் ஸ்பேனரை எடுக்காமலே திரும்பி, “ஆரம்பிச்சுட்டாருங்க மேடம். நான் காலைலயே நெனச்சன்” என்றான். “எறங்குடா.” நான் யாரையும் டா போட்டதில்லை. அவன் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று, ஸ்பேனரை அப்படியே நட்டில் விட்டுவிட்டுச் சாரத்தைப் பிடித்துக் குதித்தான். மேடம் எழுந்து நின்றிருந்தார். “என்னங்க ஐயா?” கோபம் இல்லை, ஆனால் கோபத்துக்குத் தயாராக இருந்தார். “அறுபதுக்கு இல்லீங்க மேடம்,” என்றேன், “வர்ற தண்ணிக்கு மேல அறுபதுங்க. முப்பத்திரண்டுக்கு மேல.” “மேலயா?” என்றார். உட்கார்ந்தார். கட்டத்தைத் திறந்தார், குட்டிக் கட்டத்தை அமுக்கினார், பட்டியல் விழுந்தது, முக்கோணம் போட்டதைத் தொட்டார், அவர் விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. படத்தில் குழாயின் அந்தப் பக்கம், வால்வு இருக்கிற பக்கம், மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அப்புறம் முழுக்கச் சிவந்தது. “ஏழு புள்ளி ரெண்டு,” என்றார். “நாம விட்டது நாலு.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எதிலிருந்து அறுபதுன்னு நான் கேட்டிருக்கணுங்க ஐயா.” “நான் எழுதியிருக்கணுங்க,” என்றேன். மேலே எண் அறுபத்து நான்குக்குப் போய் அங்கேயே நின்றது, குழாயில் மிச்சமிருந்த சூடு. மெலிசான தகட்டைத் தவிர எதுவும் இடுக்கில் போகாது. மயில்சாமி கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே வால்வை அண்ணாந்து பார்த்தான், தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான். கிண்டல் இல்லாத குரலில், “இது உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?” என்று கேட்டான். அறுபத்தொன்றைத் தாண்டினபோதுதான் உறுதியானது என்று சொல்லலாம், அது பொய் இல்லை. முக்கோணம் புரிந்தது நாற்பத்தேழில், அதையும் சொல்லலாம். அவன் காத்துக்கொண்டிருந்தான். “நாப்பத்தொண்ணுல,” என்றேன். அவன் மேலே எண் பலகையில் நின்ற அறுபத்து நான்கைப் பார்த்தான். உதடு அசைந்தது.

“இருபத்தி மூணு,” என்றான்.

நான் கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.